ஆருக்கு வருத்தம்?

எங்கள் ஊரில் கடைக்குப் போய்ப் பார்லி கேட்டால் முதலாளி உடனே தராசைத் தொடமாட்டார். முதலில் முகத்தைப் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆருக்கு வருத்தம்?” என்பார். சீனி கேட்டால் எத்தனை கிலோ என்கிறவர், அரிசி கேட்டால் சம்பாவா நாட்டரிசியா என்கிறவர், பார்லி என்றதும் அரை வைத்தியராகிவிடுவார். சலக்கடுப்பு என்றால் தேசிக்காயும் எடுத்துப் போகச் சொல்வார். கால் வீக்கம் என்றால் உப்பைக் குறைக்கச் சொல்வார். ஒருமுறை, “ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, சும்மா குடிக்கத்தான்” என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. வெளியில் சொல்லக்கூடாத வருத்தம் போலும் என்று நினைத்து, பேசாமல் நிறுத்துத் தந்தார்.

என் அம்மப்பா இருந்திருந்தால் அந்தக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்திருப்பார். அவர் கண்ட பார்லி வேறு.

அம்மப்பா திருகோணமலை டொக்யார்டில், வெள்ளைக்கார ஒபிசர்மாரின் மெஸ்ஸில் வேலை பார்த்தவர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் தட்டம். பின்னேரம் நாலரை மணிக்கு ஒபிசர்மார் டெனிஸ் ஆட இறங்குவார்கள். ஆட்டம் முடிந்து, முகம் செம்பரத்தம்பூப் போலச் சிவந்து வந்து சாய்கதிரையில் விழும்போது அம்மப்பா தட்டத்தை நீட்ட வேண்டும். தட்டத்தில் கண்ணாடி ஜாடி, ஐஸ் கட்டி, அதற்குள் வெளிறிய மஞ்சளில், கலங்கலாக ஒரு பானம். லெமன் பார்லி. கப்பலில் வந்த போத்தலில் இருந்து இரண்டு விரல் அளவு ஊற்றி, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்குவது அவர் பொறுப்பு. கூட ஊற்றினால் கணக்குப் பார்ப்பவர் முறைப்பார். குறைய ஊற்றினால் குடிப்பவர் முறைப்பார். அந்த இரண்டு விரல் அளவைக் கண்ணால் பிடிப்பதற்கே தனக்குச் சம்பளம் தந்தார்கள் என்று அம்மப்பா சொல்வார்.

“வெள்ளைக்காரன் வேர்க்கிறதுக்கெண்டே ஓடுவான். வேர்த்த பிறகு இதைக் குடிப்பான். நாங்கள் வேலை செய்து வேர்க்கிறனாங்கள். எங்களுக்குக் கிணத்துத் தண்ணி.”

இதைக் கோபமாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். அவர் அந்தப் பானத்தின் பக்தர். மெஸ்ஸில் மிஞ்சியதை ஒரு மிடறு குடித்துப் பார்த்ததாக ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கோணேசர் கோயில் தீர்த்தத்துக்குக்கூட அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீடு உவர்மலையில். ஆங்கிலத்தில் அது ஓர்ஸ் ஹில். எந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்று விவாதிக்கத் தொடங்கினால் எங்கள் ஊர் ஆட்கள் விடியும்வரை விடமாட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் உட்துறைமுகம் முழுதும் தெரியும். கடல் என்று நம்ப முடியாத அளவுக்கு அசையாத தண்ணீர். வைகாசி பிறந்தால் கச்சான் காற்றுத் தொடங்கும். கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், ஆனால் இந்தக் கச்சான் கொறிப்பதற்கில்லை, நம்மைத்தான் வறுக்கும். மேற்கே காடுகளைக் கடந்து, ஈரமெல்லாம் எங்கோ இறக்கிவிட்டு, வெறும் அனலாக வந்து சேரும். புல்லுக் கருகும், உதடு வெடிக்கும், சலம் கடுக்கும். அந்த மாதங்களில் இந்த ஊரில் எது குடித்தாலும் அமிர்தம். ஒபிசர்மார் பார்லியைப் புகழ்ந்ததில் பாதிப் புகழாவது கச்சானுக்குச் சேர வேண்டியது.

துரைமார் குடித்த பானம் என்று அம்மப்பா கொண்டாடிய அந்தச் சாமான், சீமையில் துரையாகப் பிறந்ததல்ல. இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். ரொபின்சன் என்ற பெயரில் லண்டனில் 1823 முதல் விற்றது பானம் அல்ல, பார்லி மா. கஞ்சி காய்ச்சுவதற்கு. குடித்தவர்கள் காய்ச்சல்காரரும் பால் செமிக்காத குழந்தைகளும். 1861இல் வந்த பீட்டன் சீமாட்டியின் குடும்ப நிர்வாகப் புத்தகத்தில் பார்லித் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று நினைக்கிறீர்கள்? விருந்துப் பக்கத்தில் அல்ல, நோயாளிக்குச் சமைப்பது எப்படி என்ற அத்தியாயத்தில். எங்கள் கடைக்காரரின் கேள்வியைத்தான் அந்த அம்மையாரும் கேட்டிருக்கிறார்.

பதவி உயர்வு கிடைத்தது 1934இல். எரிக் ஸ்மெட்லி ஹொட்சன் என்று அந்தக் கொம்பனியின் ஆள் ஒருவர், விம்பிள்டன் டெனிஸ் வீரர்களின் உடைமாற்றும் அறையில் பார்லியையும் எலுமிச்சைச் சாற்றையும் சீனியையும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துப் பார்த்தார். வீரர்களுக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் அது போத்தலில் அடைபட்டுக் கடைக்கு வந்தது. பார்லி, கட்டிலடியிலிருந்து எழுந்து நடுவரின் உயர்ந்த நாற்காலியடியில் போய் உட்கார்ந்தது. பிறகு எண்பது வருடங்களுக்கு மேலாக எழும்பவில்லை. 2022இல்தான் அந்த உறவு முடிந்தது.

அதே 1934, 35இல் இலங்கையில் மலேரியாக் கொள்ளை. சில மாதங்களுக்குள் எண்பதாயிரம் பேரளவில் செத்தார்கள். அங்கே பார்லி நோயாளியை விட்டு விளையாட்டுக்காரனிடம் போன வருடத்தில், இங்கே ஊர் ஊராகக் காய்ச்சல்காரர் கஞ்சித் தண்ணிக்குக் கிடந்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. வருடம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வருடம் ஒன்றாக இருப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு ராசி உண்டு. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகள் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுப்பது என்று முடிவெடுத்தது 1795இல். முரசு கரைந்து பல் கொட்டிச் சாகும் ஸ்கேர்வி நோய் அதோடு அடங்கத் தொடங்கியது. திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்ததும் அதே 1795இல். தேசிக்காய் காய்த்துக் கொட்டும் ஊரைத் தேடி வந்து பிடித்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றைச் சீமையிலிருந்து போத்தலில் வரவழைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அம்மப்பா அப்படிச் சொல்ல விடமாட்டார். “தேசிக்காய் வேற, லெமன் வேற” என்பார். அதில் அவர் சொன்னது சரி. இரண்டும் வேறுதான். எது உயர்ந்தது என்று அவர் நினைத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர் சிலர் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், மண்ணுக்குள். பட்டினத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் கிடக்கிறார். 1852இல் பர்மா யுத்தத்தின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதி கண்டு இறந்தவர். இவருடைய அக்காதான் ஜேன் ஒஸ்ரின், நாவலாசிரியை. அவர் எழுதிய ‘எம்மா’வில் ஒரு கிழவர் வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும், விருந்து மேசையில் என்ன இருந்தாலும், தண்ணீரான கஞ்சிதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த நாவலை நான் படித்தபோது அது எனக்கு இங்கிலாந்துக் கிழவராகத் தெரியவில்லை. என் அம்மம்மா கால்சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

அம்மம்மாவிடம் வருவதற்கு முன் 1957ஐச் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் ஒக்ரோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்கா பிரதமர். ஊரில் கொடி ஏறியது, பெருமை ஏறியது, வேலை இறங்கியது. டொக்யார்டை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனையோ அன்று சுதந்திரமாகவும் வெறுங்கையாகவும் வீட்டுக்கு வந்தன. அம்மப்பாவும் வந்தார். வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு வெறும் போத்தலைக் கொண்டுவந்தார். தடித்த கண்ணாடி, உச்சியில் தக்கை, உடம்பில் லெமன் பார்லி என்ற கடதாசி. எனக்கு அப்போது ஒரு வயது.

அந்தப் போத்தலின் சரித்திரம்தான் எங்கள் வீட்டின் சரித்திரம். கொஞ்சக் காலம் அது கண்ணாடி அலுமாரியில் இருந்தது. வருகிறவர்களுக்கு அம்மப்பா எடுத்துக் காட்டுவார். பிறகு அம்மம்மா அதில் நல்லெண்ணெய் ஊற்றினா. கன்னியாவுக்குப் போய்வந்த ஒருவர் வெந்நீரூற்றுத் தண்ணீரை அதில் கொண்டுவந்தார் என்று ஞாபகம். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் கடதாசி கரைந்து வெறும் பசை அடையாளம்தான் மிச்சம். அப்போதுதான் எனக்குச் சின்னமுத்து வந்தது. அந்தப் போத்தலுக்குள் மறுபடியும் பார்லித் தண்ணி புகுந்தது.

துரைமாரின் மேசையில் ஐஸ் கட்டியோடு இருந்தது, எங்கள் வீட்டில் வேப்பங்குழைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லெமன் இல்லை. சீனி இல்லை. ஐஸ் என்ற பேச்சே இல்லை. அம்மம்மா பார்லியை மூன்று தரம் கழுவுவா. ஒரு சிரட்டைப் பார்லிக்கு எட்டுச் சிரட்டைத் தண்ணீர். விறகு அடுப்பில், பொங்கி வழியாமல் பக்கத்திலேயே குந்தியிருந்து, பாதியாக வற்றும்வரை காய்ச்சுவா. நுரையை அகப்பையால் எடுத்து எறிவா. பழைய வேட்டித் துண்டில் வடித்து, ஒரு கல்லு உப்புப் போட்டு ஆறவைப்பா. ஆறினால் வழுவழுவென்று வரும். வாய்க்குள் போனால் நாக்கைத் தொடாமல் வழுக்கித் தொண்டைக்குப் போக வேண்டும் என்பது அம்மம்மாவின் பாடம். என் நாக்கு எப்போதும் இடையில் மாட்டிக்கொண்டது.

“குடி மோனை. எங்கட ஆக்கள் ஆதிகாலந்தொட்டுக் குடிச்சு வந்த மருந்து இது.”

இதைக் கேட்டுக்கொண்டு அம்மப்பா திண்ணையில் இருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய ராணியை அடுப்படிக்கு இழுத்து வந்து ஆயாவாக்கி வைத்திருப்பதைப் பார்ப்பவர்போல ஒரு பார்வை பார்ப்பார்.

அம்மம்மா சொன்னதில் ஒரு பக்க உண்மை உண்டு. வாற்கோதுமை என்று தமிழிலும் யவம் என்று வடமொழியிலும் பார்லிக்குப் பழைய பெயர்கள் இருக்கின்றன. இந்தியாவின் வடக்கில் அது பழைய பயிர். ஆனால் எங்கள் தீவில் அது விளையும் வயல் எங்கே இருக்கிறது? கப்பலில்தான் வரவேண்டும். சலக்கடுப்புக்கு இந்த மண்ணிலேயே மருந்து இருந்தது. நெருஞ்சி. எங்கள் வளவெல்லாம் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடந்தது, வெறுங்காலோடு ஓடினால் முள் ஏறும். பரியாரிமார் அதைத்தான் அவித்துக் குடிக்கச் சொன்னார்கள். சிறுபீளை வேலியோரத்தில் நின்றது. காசு கொடுக்கத் தேவையில்லை. காசு கொடுக்கத் தேவையில்லாததாலோ என்னவோ அம்மம்மா அவற்றை ஏழைகளின் மருந்து என்றும், கப்பலில் வந்த பார்லியை எங்கள் ஆதி மருந்து என்றும் வைத்துக்கொண்டா. அம்மப்பாவின் மெஸ் புத்தி அம்மம்மாவுக்கும் தொற்றியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இருவரும் கடைசிவரை இதை ஒப்புக்கொண்டதில்லை.

பள்ளிக்கூடப் பருவத்தில் எனக்கு இன்னொரு பார்லி அறிமுகமானது. 1866இல் ஐஸ் கொம்பனியாகத் தொடங்கிய எலிபன்ட் ஹவுஸ்காரரின் சோடா வரிசையில் கிறீம் சோடா, நெக்டோ, ஜிஞ்சர் பியர் என்பவற்றோடு ஒறேஞ் பார்லி என்றொன்று உண்டு. கல்யாண வீட்டில் முதல்முறை அதைக் கையில் தந்தபோது நான் நடுங்கிவிட்டேன். எனக்கு என்ன வருத்தம்? வாயில் வைத்தால் நாக்கில் ஊசி குத்துவதுபோல் காஸ், தோடம்பழ இனிப்பு. வழுவழுப்பு இல்லை, உப்பு இல்லை, வேட்டித் துண்டின் வாசம் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். “அதுக்குப் பார்லியெண்டு பேர் வச்சவனுக்கு ஒருநாளும் சலக்கடுப்பு வந்திருக்காது” என்றா. நான் அன்று எடுத்த முடிவு: பார்லி இரண்டு சாதி. கல்யாணத்துப் பார்லி, கட்டில் பார்லி.

எழுபதுகளில் இரண்டுமே அரிதாகின. வெளியிலிருந்து சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்திவைத்த காலம். சங்கக்கடையில் சீனிக்குக் கூப்பன், துணிக்குக் கூப்பன், விடியற்காலையில் பாணுக்குக் கியூ. உள்ளங்கையில் ஒரு துளிச் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேநீர் குடித்த நாட்கள். பார்லியைப் பற்றி அந்தக் கூப்பனில் எதுவும் இல்லை, நோயாளிகளைப் பற்றியும் இல்லை. அம்மம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பார்லி தேடி நான் பட்டினத்துக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் மட்டும் உள்ளே போய், ஒரு பழைய தகரப்பேணியைக் கவிழ்த்து, அடியில் கிடந்ததைக் கடதாசியில் கொட்டித் தந்தார். வண்டு பாதி, பார்லி பாதி. காசு வாங்கவில்லை. “ஆருக்கு வருத்தம்?” என்று மட்டும் கேட்டார். கடைசியில் அம்மம்மா குடித்தது நெருஞ்சித் தண்ணி. முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இதெல்லாம் ஒரு மருந்தே” என்று சொல்லிச் சொல்லிக் குடித்தா. வீக்கம் வற்றியது. மருந்தை அவ மன்னிக்கவில்லை.

1977இல் கதவு திறந்தது. கடைகளில் சாமான் வந்து குவிந்தது, பார்லியும் வந்தது. அதைப் பார்க்க அம்மப்பா இல்லை.

யுத்த வருடங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பார்லிக் கதைக்குள் அடங்காது. வீடு விட்டு ஓடியபோது அந்தப் போத்தல் எங்கோ உடைந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

எழுபதுகள் திரும்பி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். 2022இல் வந்தது. டொலர் இல்லை, கப்பல் இல்லை, மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஆனி மாதக் கச்சானில், பெற்றோல் கியூவில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நின்றேன். நான் நின்ற ஊருக்குச் சீனன்குடா எவ்வளவு தூரம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அங்கே காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. ஒன்றில் பத்தாயிரம் தொன் அளவுக்குப் பிடிக்கும். அவற்றோடு நின்ற இன்னொன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் விமானத்தோடு வந்து மோதியதில் எரிந்து போனது. அந்தத் தாங்கிகளை யார் நடத்துவது என்று 2022 ஜனவரியில்தான் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதி முடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் எண்ணெய் இருந்தது. என் தாங்கியில் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மனிசி பழைய நெக்டோப் போத்தல் ஒன்றில் பார்லித் தண்ணி அனுப்பியிருந்தா. உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிந்து. எங்கே பார்லி கிடைத்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பி எட்டிப் பார்த்தான்.

“என்ன ஐயா, சுகமில்லையே?”

“குடிச்சுப் பார் தம்பி.”

அவன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். அம்மப்பாவுக்குப் பிறகு பார்லிக்குக் கண் மூடிய ஆளை அன்றுதான் கண்டேன். கச்சானுக்குச் சேர வேண்டிய புகழ் என்று முன்பு சொன்னேனே, அது அன்றும் செல்லும்.

இன்று எங்கள் மாவட்டத்தில் தண்ணீரே பெரிய பேச்சாகிவிட்டது. பதவிசிறிபுரப் பக்கத்தில் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயிகளைத் தின்றிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரை ஜனங்கள் கலனில் வாங்கிக் கொண்டுபோகிறார்கள். சலக்கடுப்புக்குப் பார்லி குடித்தால் சுகம் வருவதில் பார்லியின் பங்கு எவ்வளவு, கூடுதலாகத் தண்ணீர் குடித்ததன் பங்கு எவ்வளவு என்று ஒரு டொக்டரிடம் கேட்டேன். “தண்ணி நல்லா இருந்தால் ரெண்டும் நல்லது, தண்ணி கூடாதெண்டால் பார்லி என்ன செய்யும்?” என்றார். மெஸ்ஸில் ஒபிசர்மார் குடித்தபோது எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று அம்மப்பா குறைப்பட்டாரே, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இப்போது காசு கொடுத்துத் தேடுகிறோம்.

பார்லியே குடிக்காத வீடு என்று எங்கள் ஊரில் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காலையில் நெஸ்டமோல்ட் கலக்குகிறார்களே, அந்த மோல்ட் பார்லி முளையிலிருந்து வந்தது. பியரும் அதே முளைதான். சீமையிலே அந்த ரொபின்சன் பெயர் கைமாறிக் கைமாறி, 2025 ஜனவரியில் கால்ஸ்பேர்க் பியர்க்காரரின் கைக்கு வந்திருக்கிறது. அதே கால்ஸ்பேர்க்கை இங்கே லயன் ஆலையிலும் வடிக்கிறார்கள். ஆக, நோயாளியும் டெனிஸ்காரனும் குடிகாரனும் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மலேசியாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி இதைக் கேட்டுவிட்டு, அங்கே தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் ஐஸ் போட்ட பார்லியை நாசி கண்டாரோடு எல்லாரும் சும்மா குடிக்கிறார்கள், யாரும் யாரையும் ஒன்றும் விசாரிப்பதில்லை என்றான். அந்த ஊர் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

போன ஆவணியில் லண்டனில் இருந்து மருமகன் வந்தான், தங்கச்சியின் மகன். “மாமா, மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹொட்டேலுக்கு அழைத்தான். மனிசிக்கு முழங்கால் நோ, வரவில்லை. நான் போனேன். பட்டியலை விரித்தால், எங்கள் வேலியோரத்துச் சாமான் எல்லாம் சட்டை மாற்றிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. வில்வம்பூத் தேநீர் இருந்தது. ஆவாரம்பூ இருந்தது. நன்னாரி, ஐஸ் போட்டு. விலை எல்லாம் வெள்ளைக்காரருக்கு எழுதிய விலை. நெருஞ்சி மட்டும் இல்லை. அதற்கு இன்னும் காலம் வரவில்லைப் போலும். பட்டியலின் அடியில் லெமன் பார்லி கூலர்.

“அதைக் கொண்டுவரச் சொல்லு” என்றேன்.

நீளக் கண்ணாடிக் கோப்பை. ஐஸ். வெளிறிய மஞ்சள், கலங்கல். விளிம்பில் தேசிக்காய் வட்டம் ஒன்று செருகியிருந்தது. பணியாள் பையன் தட்டத்தில் ஏந்தி வந்து குனிந்து வைத்தபோது எனக்குச் சட்டென்று அம்மப்பாவின் பித்தளைப் பொத்தான் நினைவு வந்தது. எழும்பி நின்று வாங்கியிருப்பேன், மருமகன் முன்னால் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

குடித்தேன். இதுதான் அது. அம்மப்பா கண்ணை மூடியது இதற்குத்தான். எழுபது வயதை எட்டும் நேரத்தில், எங்கள் கடற்கரையிலேயே, காசு கொடுத்து, நான் ஒபிசர் ஆகிவிட்டேன்.

பக்கத்து மேசையில் வயதான ஓர் ஆங்கிலேய அம்மா. உப்புவெளி யுத்தக் கல்லறைக்கு வந்தவ என்று மருமகனோடு பேசியதில் தெரிந்தது. அவவுடைய பெரியப்பா ஒருவர் அங்கே கிடக்கிறாராம். என் கோப்பையைப் பார்த்தா. என்ன என்று மருமகனிடம் கேட்டா. பார்லி என்றான். அவவின் முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டா: உடம்புக்கு ஏதுமா? தன் பாட்டி, சிறுநீர் கடுத்தால் இதைத்தான் காய்ச்சித் தருவாவாம். அந்த வழுவழுப்பு இன்னும் நாக்கில் இருக்கிறதாம்.

ஒன்றுமில்லை, சும்மாதான் குடிக்கிறேன் என்றேன். அவவும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் முழுக்கதையையும் சொன்னேன். விம்பிள்டன், மெஸ், அட்மிரல், கால்ஸ்பேர்க் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும் எழும்பிக் குசினிக்குள் போனா. பார்லி போட்ட பேணியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“அந்த மனிசிக்கே முகத்தைப் பாக்கத் தெரிஞ்சிருக்கு. எத்தினை நாளாக் கடுக்குது?”

மூன்று நாள் குடித்தேன்.